குடும்ப அட்டை தவறாமல் கொண்டு வரவும்

அந்த வரியை நான் பார்த்தேன். பார்க்கவே இல்லை என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன், என் கணவரிடம்கூட. ஆனால் ஓசூர் அச்சகத்தில் நோட்டீஸின் புரூஃப் தாளைக் கையில் வாங்கியதுமே என் கண் நேராக அங்கேதான் போனது. "குடும்ப அட்டை தவறாமல் கொண்டு வரவும்." நான் எழுதிக் கொடுத்த தாளில் அப்படி ஒரு வரியே இல்லை.

இடுப்பில் மூன்று வயது மகள் இருந்தாள். மைத் தட்டில் விரலை விடுவதற்கு எம்பிக்கொண்டிருந்தாள். அச்சகக்காரரிடம் கேட்கலாமா என்று யோசித்தேன். அவர் முப்பது வருடமாக நோட்டீஸ் அடிக்கிறவர். எனக்கு இது முதல் நோட்டீஸ். இப்படி ஒரு வரி போட வேண்டும் என்று ஏதாவது விதி இருக்குமோ? கேட்டால், இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரோ?

"எல்லாம் சரியா இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்குதுங்க" என்றேன்.

"ரேஷன் கார்டை நீங்க எழுத விட்டுட்டீங்க. நானே போட்டுட்டேன். இலவசம்னாலே அது கேப்பாங்க பாருங்க."

அது வீட்டுக்கு வீடு இலவச டிவி கொடுத்துக்கொண்டிருந்த காலம். அவர் அடித்த நோட்டீஸ்களில் பாதி அதைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கும். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த நோட்டீஸுக்குப் பின்னால் ஒரு பூட்டு இருந்தது.

மத்திகிரியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சிறிய மெட்ரிகுலேஷன் பள்ளி. அங்கே ஒரு அறையில் எட்டு கணினிகள் இருந்தன. தொழிற்பேட்டையில் கம்பெனி கம்பெனியாகப் போய், போடப்பட்டிருக்கும் மென்பொருளுக்கு உரிமம் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள், இல்லாதவர்களின் கணினியை வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று அந்த வருடம் ஒரு பேச்சு கிளம்பியது. பள்ளியின் கரஸ்பாண்டன்ட் அதைக் கேட்ட அன்றைக்கே எட்டு கணினிகள் மீதும் பழைய ஸ்கிரீன் துணியைப் போர்த்தி, அறையைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கணினி ஆசிரியை வேறு வேலை தேடிப் போய்விட்டார்.

நான் சேலத்தில் எம்.சி.ஏ. படித்தவள். திருமணமாகி ஓசூருக்கு வந்து, பிள்ளை பிறந்து, மூன்று வருடமாக வீட்டில் இருந்தேன். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை திரும்பி வந்து பார்ப்பதுதான் என் முழுநேர வேலையாக இருந்தது. ஜூன் மாதம் மகளை அந்தப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். அவளை ஒரு வாசலில் விட்டுவிட்டுத் திரும்பி நடப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்தக் கணினி அறை திறந்து, அந்த வேலை எனக்குக் கிடைத்தால் இரண்டு பேரும் ஒரே வாசலில் நுழையலாம். ஊருக்கெல்லாம் மென்பொருள் சுதந்திரத்தைச் சொல்லப் புறப்பட்டவள்போல இதை எழுதினால் பொய்யாகிவிடும். சுதந்திரமும் வேண்டியிருந்தது. ஆனால் முதலில் அந்த வாசல்.

கரஸ்பாண்டன்ட்டிடம் போய்ச் சொன்னேன். "சார், விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்குங்க. யாரும் வந்து உரிமம் எங்கேன்னு கேக்க முடியாது. யார் வேணும்னாலும் போட்டுக்கலாம், காப்பி எடுக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் குடுக்கலாம். உள்ள எப்படி எழுதியிருக்காங்கன்னு பாக்கலாம், நமக்கு வேண்டிய மாதிரி மாத்திக்கவும் செய்யலாம்."

"யாரு குடுக்கறது?"

"உலகம் பூரா நெறைய பேர் சேர்ந்து எழுதறாங்க சார்."

"எழுதிட்டு?"

"குடுத்துடறாங்க."

அவர் என்னை ஒரு பரிதாபத்தோடு பார்த்தார். "ஏம்மா, நீங்க படிச்சவங்க. சும்மா ஒருத்தன் குடுக்கறான்னா அதுல ஏதோ இருக்குதுன்னு தோணலையா?"

எனக்கும் அப்படித் தோன்ற ஆரம்பித்துவிட்டது. யார் எதைச் சொன்னாலும் அரை நிமிடத்துக்கு நான் அவர்கள் கட்சியாகிவிடுவேன். அந்த அரை நிமிடத்துக்குள் அவரே ஒரு வழி சொன்னார். பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரில் இருபத்தைந்து பேர் லினக்ஸ் பதிந்த சிடியை வாங்கிக்கொண்டு, ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அறை திறக்கும், வேலையும் எனக்குத்தான். நாளைக்குப் பிரச்சினை வந்தால் இருபத்தைந்து பேரும் சேர்ந்து பதில் சொல்லட்டும் என்பது அவர் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். அதற்குத்தான் அந்த நோட்டீஸ்.

பெங்களூரில் இப்படிப்பட்ட மென்பொருளைப் பரப்பும் குழு ஒன்றில் இருந்த என் கல்லூரித் தோழி அறுபது சிடிகளைக் கொடுத்து அனுப்பினாள். அறுபது அதிகமோ, மீந்து போனால் அவள் வருத்தப்படுவாளோ என்று கவலைப்பட்டேன்.

நோட்டீஸில் இலவச மென்பொருள் சிடி, ஞாயிறு காலை பத்து மணி என்று இருந்தது. எட்டு மணிக்கு மகளையும் சிடிப் பையையும் தூக்கிக்கொண்டு போனபோது மைதானத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் உறைக்குள் ரேஷன் கார்டு.

கேட்டுக்கு வெளியே ஒரு மினிடோர் சரக்கு வண்டி நின்றது. அதன் பக்கத்தில் தலைப்பாகைக்காரர் ஒருவர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். "தளிப் பக்கத்துல இருந்து வர்றோம்மா. பெட்டி எவ்வளவு பெருசு? நாலு வீட்டுக்கு ஒண்ணா ஏத்திக்கலாம்ல?"

பையைத் திறந்து ஒரு சிடியை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

"டிவி எங்க?"

"டிவி இல்லைங்க. இது கம்ப்யூட்டருக்குள்ள போடறதுங்க."

"ஓ. அப்ப கம்ப்யூட்டரு அடுத்த மாசம் குடுப்பாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த மாதம் யார் என்ன கொடுப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? உறுதியாகத் தெரியாத ஒன்றை இல்லை என்று சொல்லலாமா? "அது தெரியலைங்களே" என்றேன்.

பத்து நிமிடத்தில் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து செய்தி என்னிடமே திரும்பி வந்தது. அடுத்த மாதம் கம்ப்யூட்டராம். இன்றைக்கு சிடி வாங்கினவர்களுக்கு மட்டும்தானாம்.

அதற்குப் பிறகு எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "எங்க கார்டு விருதுநகர்ல இருக்குது, ஜெராக்ஸ்தான் இருக்கு, செல்லுமா?" என்றார் தொழிற்சாலைச் சீருடையில் ஒருவர். "நமகூ கொடுத்தாரா?" என்று ஒரு பெண், தங்களுக்கும் தருவார்களா எனக் கன்னடத்தில் கேட்டாள். அவள் கையில் இருந்தது கர்நாடக அட்டை. "மாகு இஸ்தாரா?" என்று அதையே தெலுங்கில் இன்னொருத்தி. எல்லை தாண்டிய கார்டு செல்லுமா, செல்லாதா என்று அங்கேயே ஒரு சண்டை தொடங்கியது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "தெரியலைங்க" என்றேன். அன்றைக்கு நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

அந்த நேரம் ஷிஃப்ட் முடிந்து என் கணவர் வந்தார். திருநெல்வேலிக்காரர். வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். நான் அழும் நிலையில் இருந்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்த பார்வையில் ஒரு மகிழ்ச்சி தெரிந்தது.

"இப்ப எதுக்குப் பதறுத? ஃப்ளோ இல்ல, அவ்வளவுதான்."

பள்ளி அலுவலகத்தில் மஞ்சள் சாக்பீஸ் வாங்கி மைதானத்தின் சிமென்ட் தரையில் கோடு கிழித்தார். நுழைவு, காத்திருப்பு, சரிபார்ப்பு, விநியோகம் என்று நான்கு கட்டம். மஞ்சள் கோட்டைத் தாண்டினால் லைன் நின்றுவிடும் என்று அறிவித்தார். பழைய வருகைப் பதிவேட்டில் ஸ்கேல் வைத்து மூன்று பத்தி பிரித்தார்: பெயர், கையெழுத்து, குடும்ப அட்டை எண்.

"கார்டு நம்பர் எதுக்குங்க? நமக்கு வேண்டாமே" என்று அவர் காதில் சொன்னேன்.

"அவங்க அத்தனை தூரம் கொண்டாந்திருக்காங்கல்லா? கேக்கலன்னா மனசு கஷ்டப்படும். டிரேசபிலிட்டிக்கும் ஆச்சு, எது யார்கிட்ட போச்சுன்னு தெரியும்லா."

வரிசை நகர்ந்தது. என்னைத் தவிர எல்லோருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. நான் ஒவ்வொருவரிடமும், "இது நகல் எடுக்கத் தடையில்லாத மென்பொருள்" என்று சொல்லத் தொடங்குவேன். அதற்குள் கையெழுத்துப் போட்டு, கார்டைக் காட்டி, சிடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

பத்தரைக்கு அந்த வார்டின் கட்சிப் பிரமுகர் வெள்ளைச் சட்டையில் வந்தார். கோபமாகத்தான் வந்தார்.

"எந்தக் கட்சிம்மா நீங்க?"

"கட்சி எதுவும் இல்லைங்க."

"கட்சி இல்லாம எவனாவது இலவசம் குடுப்பானா? என் வார்டுல, என்னைக் கேக்காம?"

"இது உலகம் பூரா எல்லாருக்கும் குடுக்கறதுங்க."

"உலகம் பூராவா?" அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்ப மேலிடத்துல பேசியாச்சா?"

நான் பதில் தேடுவதற்குள் என் கணவர் ஒரு சிடியை அவர் கையில் கொடுத்து, விநியோகக் கட்டத்தில் நிற்க வைத்துவிட்டார். அவர் கூட வந்த ஆளின் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி ஐந்து பேருக்கு வழங்கினார். பிறகு எனக்கும் ஒன்று வழங்கினார். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அந்தப் புகைப்படம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

பதினொரு மணிக்கு அறுபதும் தீர்ந்தன. வரிசையில் இருநூற்று சொச்சம் பேர்.

"தீந்து போச்சுன்னா என்ன அர்த்தம்? உள்ள பதுக்கி வெச்சிருப்பாங்க!" என்றது ஒரு குரல். தலைப்பாகைக்காரர் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டார். யாரோ போன் செய்து ஒரு போலீஸ்காரரும் வந்துவிட்டார். என் மகள் விநியோகக் கட்டத்துக்குள் உட்கார்ந்து சாக்பீஸைச் சுவைத்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து இருபத்தைந்துக்கு மேலே வந்திருக்கும், ஆனால் அதில் பள்ளிப் பெற்றோர் எத்தனை பேர் என்று தெரியாது. இந்தக் கூட்டம் கல்லெறிந்தால் கரஸ்பாண்டன்ட் அறையை மட்டுமல்ல, பள்ளியையே பூட்டிவிடுவார். எனக்கு வேலையும் இல்லை, மகளுக்கு இடமும் இல்லை.

நாற்காலி மீது ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. "தீர்ந்து போகாதுங்க! இது தீர்ற பொருளே இல்லைங்க. ஒண்ணு இருந்தா எத்தனை வேணும்னாலும் எடுக்கலாம். காப்பி போட்டுக் குடுக்கறோம்!"

காப்பி என்ற சொல்லைக் கேட்டதும் போலீஸ்காரர் நிமிர்ந்தார். திருட்டு விசிடிக்குக் குண்டர் சட்டம் பாயும் என்று சுவரெல்லாம் எழுதியிருந்த நாட்கள் அவை. "சிடி காப்பியா? லைசென்ஸ் இருக்குதா?"

"இருக்குங்க சார்!" என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கேள்விக்கு உடனே பதில் சொன்னேன். என் கையிலிருந்த சிடியின் உரிமத்தைப் பள்ளி அலுவலகத்தின் பிரிண்டரில் அச்செடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். ஆறேழு பக்கம், பொடி எழுத்தில் ஆங்கிலம். யாரும் நகலெடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. அவர் ஒரு வரியும் படிக்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"சீல் எங்க?"

"இதுக்கு சீல் கிடையாதுங்க சார். உலகம் பூரா இப்படியேதான்..."

"உலகத்துல எப்படியோ. இங்க சீல் வேணும். கெஜட்டட் ஆபீசர்கிட்ட அட்டெஸ்ட் வாங்கிட்டு வாங்கம்மா. அப்புறம் எத்தனை வேணா போட்டுக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்திகிரியில் கெஜட்டட் அதிகாரி என்றால் ஒருவர்தான் இருந்தார். பள்ளிக்குப் பின் தெருவில் குடியிருந்த கால்நடை மருத்துவர். ஊரில் சாதிச் சான்றிதழ் முதல் மார்க் ஷீட் வரை எல்லாம் அவருடைய பச்சை மையைத் தொட்டுத்தான் வெளியூர் போகும். நான் போனபோது லுங்கியோடு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உரிமத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். வெளியே இருநூறு பேர் நிற்கிறார்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த உரிமத்தை முழுவதும் படித்த ஒரே மனிதரை நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். எம்.சி.ஏ. படித்த நானும் முழுதாகப் படித்ததில்லை.

"அதாவதும்மா, உனக்கு ஒரு ஆட்டுக்குட்டி குடுக்கறேன். அது போடற குட்டியை நீ இன்னொருத்தனுக்கு இதே கண்டிஷன்லதான் குடுக்கணும். கட்டி வெச்சுக்கிட்டு எனக்கு மட்டும்தான்னு சொல்லக் கூடாது. அதானே எழுதியிருக்கு?"

"அதேதாங்க சார்." நான் ஒரு மாதமாகச் சொல்ல முடியாமல் தவித்ததை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

"எங்க சொந்தக்காரர் ஒருத்தர் ஆட்டுல இதைச் செஞ்சு பாத்தாரு. குட்டியெல்லாம் பிரியாணியாப் போச்சு." பேனாவைத் திறந்தார். "இதைத் திங்க முடியாது. அதனால நடக்கும்."

பக்கத்துக்குப் பக்கம் உண்மை நகல் என்று எழுதி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரை குத்தினார். கால்நடை உதவி மருத்துவர்.

போலீஸ்காரர் முத்திரையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இதைத்தானே கேட்டேன்" என்றார்.

காப்பி போடுவது யார்? வரிசையில் ரேஷன் கார்டோடு நின்றவர்களில் ஒருவர் பாகலூர் சாலையில் சிடி கடை வைத்திருப்பவர். அவர் என்ன சிடி விற்றார் என்று எல்லோருக்கும் தெரியும், போலீஸ்காரருக்கும். கூட்டமே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் போய் நான்கு டிரைவ் பொருத்திய தன் மெஷினையும் வெற்று சிடி டப்பாக்களையும் ஆட்டோவில் கொண்டுவந்தார். மைதானத்து வேப்ப மரத்தடியில், போலீஸ்காரருக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து சிடி எழுதத் தொடங்கினார்.

"ஏழு வருசமா இதான் வேலை. வெளிச்சத்துல செஞ்சதே இல்லீங்க மேடம்" என்று என்னிடம் சொன்னார். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் போலீஸ்காரரைப் பார்த்து, "சார், பச்சை மை இருக்குதுல்ல?" என்றார்.

"இருக்குதுய்யா, போடு."

"இல்ல, நாளைக்கு வந்து கேப்பீங்க."

"கேக்க மாட்டேன். எனக்கும் ஒண்ணு போடு."

சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசி ஆள் வாங்கினார். யாரும் கல்லெறியவில்லை. தலைப்பாகைக்காரர் நான்கு சிடிகளைத் துண்டில் முடிந்து, அந்தத் துண்டை மினிடோரின் நடுவில் வைத்து, நான்கு பக்கமும் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனார்.

பிறகு கரஸ்பாண்டன்ட் பதிவேட்டோடு உட்கார்ந்தார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். முந்நூற்றுச் சொச்சம் கையெழுத்தில் பள்ளிப் பெற்றோர் பதினொரு பேர்.

"மத்தவங்க வந்தாங்கம்மா. கூட்டத்தைப் பாத்துட்டு, ஏதோ ரேஷன் சமாச்சாரம்னு திரும்பிப் போயிட்டாங்க. மெட்ரிகுலேஷன்ல பிள்ளையைச் சேத்தவங்க இலவசத்துக்கு வரிசையில நிப்பாங்களா?"

அந்த ஒரு வரி. அச்சகத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் பதினொன்று இருபத்தைந்தாகியிருக்கும். மகள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். பரவாயில்லை சார் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அது பொய். மேசை மேல் கிடந்த உரிமத் தாள்களை எடுத்துப் பையில் வைக்கப் போனபோது அவர் கையை நீட்டினார்.

"அது என்ன, பச்சையா?"

கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு முத்திரையையும் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, இதை முதல் நாளே காட்டியிருந்தா நான் எதுக்கு இருபத்தஞ்சு பேரைக் கேக்கறேன்?"

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

ஜூன் மாதம் நானும் மகளும் ஒரே வாசலில் நுழைந்தோம். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் வகுப்புக்குள் ஓடினாள். நான்தான் கொஞ்ச நேரம் நின்றேன். எட்டு கணினிகளில் ஆறு உயிர் பெற்றன. உரிமத்தின் ஏழு பக்கங்களையும் ஒரே சட்டத்தில் கண்ணாடி போட்டு மாட்டினார் கரஸ்பாண்டன்ட். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமம் வைக்கப்பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை கொடுத்த சிடிகளில் பல, தளிப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களில் பறவை விரட்ட நூலில் தொங்குவதைப் பேருந்தில் போகும்போது பார்த்தேன். ஆனால் கையெழுத்துப் போட்ட தொழிற்சாலை ஆட்கள் மூன்று பேர் சனிக்கிழமைகளில் வந்து அதைக் கற்றுக்கொண்டார்கள். பதிவேட்டை அறையிலேயே வைத்திருந்தோம். யார் வந்து கேட்டாலும் ஒரு சிடி எழுதிக் கொடுப்போம்.

அடுத்த வருடம் ஒருநாள் அவர் வந்தேவிட்டார். கரஸ்பாண்டன்ட் எத்தனையோ மாதம் பயந்த அந்த ஆள். மென்பொருள் உரிமம் சரிபார்க்க பெங்களூரிலிருந்து வருவதாகச் சொன்னார். டை கட்டியிருந்தார். ஆறு கணினிகளையும் போட்டுப் பார்த்தார். உரிமம் கேட்டார். கரஸ்பாண்டன்ட் சுவரைக் காட்டினார். வந்தவர் கண்ணாடிக்கு அருகே போய்ப் படித்தார். முத்திரையில் வந்து நின்றார்.

"இதுல எதுக்கு மாட்டு டாக்டர்?"

"எங்க ஏரியாவுக்கு அவர்தாங்க" என்றார் கரஸ்பாண்டன்ட்.

வந்தவர் தலையாட்டினார். கோப்பில் ஏதோ எழுதி மூடினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"மேடம், அந்த சிடி எனக்கு ஒண்ணு கிடைக்குமா? வீட்ல பையன் கேட்டுட்டே இருக்கான்."

எழுதிக் கொடுத்தேன். பதிவேட்டை நீட்டினேன். பெயர் எழுதினார், கையெழுத்துப் போட்டார். மூன்றாவது பத்திக்கு வந்ததும் பேனா நின்றது.

"ரேஷன் கார்டு கையில இல்லீங்களே. அதுவும் கர்நாடகா கார்டு. பரவாயில்லையா?"

"எந்த ஊர்க் கார்டா இருந்தாலும் செல்லுங்க" என்றேன். "அடுத்த தடவை வரும்போது கொண்டு வாங்க."